கோபுரமும் பூரண கும்பமும்: சித்தூர், திருப்பதிப் பகுதியின் அரசுக் காட்சிப்படிமங்கள்

ஆந்திரப் பிரதேச அரசு 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் தன் 13 மாவட்டங்களை 26 மாவட்டங்களாக மறுசீரமைத்தது. அதன்வழிப் பழைய சித்தூர் மாவட்டம் சித்தூர், திருப்பதி, அன்னமய்யா என்னும் மூன்று மாவட்டங்களுக்குள் பிரிந்து சென்றது. நிலம் பிரிந்தபோது நிலத்தை அடையாளங்காட்டி வந்த படங்களும் பிரிந்தன. திருமலை, திருக்காளத்தி, சந்திரகிரிக் கோட்டை, குடிமல்லம், தலக்கோனா அருவி ஆகியன திருப்பதி மாவட்டத்திற்கு உரியவாயின. ஆர்சிலி மலை அன்னமய்யா மாவட்டத்திற்குச் சென்றது. நெல்லூர் மாவட்டத்தின் சூளூர்ப்பேட்டைப் பகுதி திருப்பதியோடு சேர்ந்தமையால், 1979 முதல் செயற்கைக்கோள் ஏவூர்திகள் புறப்பட்டுவரும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவும் ஏழுமலையும் ஒரே மாவட்டத்தின் காட்சிகளாயின. சித்தூருக்குக் காணிப்பாக்கம் பிள்ளையார் கோயிலும், கவுண்டின்யா காட்டுயிர்ப் புகலிடமும், வேறு சிலவுமே எஞ்சின. 1911ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் தோன்றி நூற்றாண்டு கடந்த ஒரு மாவட்டம், தன் முகமாகக் காட்டிவந்த பெரும்பாலானவற்றை ஒரே நாளில் அண்டை மாவட்டத்திற்கு விட்டுக்கொடுக்க நேர்ந்தது.

இம்மாற்றம் முதலில் கண்ணுக்குப் புலப்படும் இடம் மாவட்ட நிருவாகத்தின் இணையதளமே. அரசு தன்னைப் பற்றி எழுதும் வரலாற்றுக் குறிப்பைப் படிப்போர் சிலர். அதன் முகப்பில் ஓடும் படங்களைக் காண்போர் பலர். நாணயம், முத்திரை, இலச்சினை, அஞ்சல்தலை, அலுவலகத் தாளின் தலைப்பு, இணையதள முகப்பு ஆகிய அனைத்தும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றைக் காட்சிப்படிமம் என்னும் சொல்லால் இக்கட்டுரை குறிக்கின்றது. பெனடிக்ட் ஆண்டர்சன் 1991இல் விரிவாக்கிப் பதிப்பித்த தம் நூலில், குடிக்கணக்கு, நிலப்படம், அருங்காட்சியகம் ஆகியவற்றின் வழியே குடியேற்ற அரசுகள் தம் ஆட்சிப்பரப்பைக் கற்பனை செய்த முறையை ஆராய்ந்துள்ளார். பழஞ்சின்னம் ஒன்று தன் சூழலிலிருந்து பெயர்க்கப்பட்டு, திரும்பத் திரும்ப அச்சிடப்பட்டு, விளக்கம் வேண்டாத அடையாளக் குறியாக ஆகிவிடுவதை அவர் அங்குச் சுட்டுகின்றார். இருமொழியாளர் கலந்து வாழும் எல்லை நிலத்தில் இக்கருத்து தனி முக்கியத்துவம் பெறுகின்றது. படத்திற்கு மொழி இல்லை. ஆதலால் அது எல்லார்க்கும் பொது என்று எளிதில் கொள்ளப்படுகின்றது. சித்தூர், திருப்பதிப் பகுதியின் வரலாறு இக்கொள்கையை ஐயுற வைக்கின்றது.

காசில் நின்ற வேங்கடவன்

இப்பகுதியில் அரசு வெளியிட்ட காட்சிப்படிமங்களுள் மிகப் பரவலாக மக்கள் கைகளில் புழங்கியது வேங்கடவன் உருவமே எனலாம். விசயநகர அரவீடு மரபின் இரண்டாம் வேங்கடபதிராயர் (1586–1614) பெனுகொண்டாவிலிருந்து தம் தலைமையிடத்தைச் சந்திரகிரிக்கு மாற்றியவர். அவர் வெளியிட்ட பொன் வராகன்களுள் ஒருவகையில் தோரணத்தின்கீழ் நின்ற கோலத்தில் திருமால் காட்சியளிக்கின்றார். மறுபுறத்தில் வேங்கடேசுவரனுக்கு வணக்கம் என்னும் பொருள்படும் தொடர் நாகரி எழுத்தில் உள்ளது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் வழங்கிய நிலத்தை ஆண்ட மன்னர், அம்மூன்றின் எழுத்தையும் விடுத்து நாகரியைத் தேர்ந்திருக்கின்றார். காசு எந்தக் குடியினரின் மொழிக்கும் உரியதாக இல்லை. அதிலுள்ள உருவமோ எல்லாக் குடியினர்க்கும் தெரிந்தது. தக்காணத்தில் தம் நிலத்தை இழந்துவந்த ஒரு பேரரசின் கடைசித் தலைமுறைகள், போரில் காட்ட இயலாத ஒருமையைக் காசில் காட்ட முயன்றன என்று இதனைக் கொள்ளலாம்.

சந்திரகிரி அரசு மங்கிய பின்னரும் உருவம் மங்கவில்லை. சென்னையில் கோட்டை அமைத்துக்கொண்ட ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி வெளியிட்ட வராகன்களுள், தேவியர் இருவரோடு திருமால் நிற்கும் மூன்று சாமி வராகன் ஒன்று. வணிகர் நம்பி வாங்கும் காசாக இருக்கவேண்டும் என்பதே கம்பெனியின் நோக்கம், பக்தியன்று. ஆயினும் ஆட்சியாளர் மாறியபோது படிமம் மாறாது கைமாறியது என்பது கருதத்தக்கது. படிமத்தை உருவாக்கியவனைவிட அதனைக் கையாள்பவனே அதன் பொருளை முடிவு செய்கின்றான்.

சுவரும் படமும்

திருமலைக் கோயிலின் கருவறையும் உட்பகுதியும் ஒளிப்படக் கருவிக்கு மூடப்பட்டவை. ஆகவே அரசும் தேவஸ்தானமும் வெளியிடும் படங்களில் காணப்படுவன பெரும்பாலும் ஆனந்த நிலைய விமானத்தின் பொன்முகடு, வாயிற்கோபுரம், மலைப்பாதை, வாகன உற்சவங்கள் ஆகியவையே. மூலவர் ஓவியமாகவே வெளியுலகிற்கு அறிமுகமானவர். இத்தடைக்குச் சமயக் காரணம் உண்டு. அது இங்கு ஆய்வுப் பொருளன்று. அதன் விளைவாகக் கோயிலின் மதில்களும் பொதுக்காட்சிக்கு எட்டாமற் போயின என்பதே இங்குக் கருத வேண்டியது. அம்மதில்களில்தான் எழுத்து இருக்கின்றது.

திருமலை திருப்பதி தேவஸ்தானம் 1931 முதல் வெளியிட்ட கல்வெட்டுத் தொகுதிகளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கல்வெட்டுகள் இடம்பெற்றுள்ளன. அவற்றுள் மிகப் பெரும்பான்மை தமிழ்க் கல்வெட்டுகள். தெலுங்கிலும் கன்னடத்திலும் அமைந்தவை சிலவே. வெள்ளித் திருமேனி ஒன்றைச் செய்தளித்துத் திருவிழாவுக்கு நிலம் விட்ட சாமவை என்னும் காடவன் பெருந்தேவியின் கொடை தமிழில் பொறிக்கப்பட்டது. நந்தவனம், விளக்கு, அமுதுபடி, பங்கீடு என அன்றாடக் கோயில் நடைமுறையின் நுண்செய்திகள் அனைத்தும் அம்மொழியிலேயே உள்ளன. விசயநகர மன்னர்களின் காலத்தும் இவ்வழக்கம் அறுபடவில்லை. இதனைக் கொண்டு வேங்கடம் யாருக்கு உரியது என்று வழக்காடுவது வரலாற்றாய்வின் பணியன்று. ஆவண மொழியும் குடியிருப்போர் மொழியும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை என்பதைக் கல்வெட்டறிஞர் நன்கறிவர். ஆனால் ஒரு கோயிலின் ஆவண மொழி அதன் அரசுப் படிமத்தில் சிறிதும் தென்படாமை தற்செயலாகத் தோன்றினும் அரசியல் விளைவு உடையதாகும்.

இதனோடு ஒப்பிடத்தக்கது தாள்ளப்பாக்கம் அன்னமய்யாவின் செப்பேடுகள். அவருடைய தெலுங்குக் கீர்த்தனைகள் பொறிக்கப்பெற்ற செப்பேடுகள் திருமலைக் கோயிலின் ஓர் அறையில் பாதுகாக்கப்பட்டு, 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆய்வுலகின் கவனத்திற்கு வந்து, தேவஸ்தானத்தால் பதிப்பிக்கப்பட்டன. கல்வெட்டுத் தொகுதிகளில் உழைத்த சாது சுப்பிரமணிய சாஸ்திரியின் பெயர் இப்பணியிலும் பேசப்படுகின்றது. ஒரே கோயில், ஒரே நிறுவனம், ஏறத்தாழ ஒரே காலம். செப்பேடு இசையாகவும் சிலையாகவும் திரைப்படமாகவும் இறுதியில் 2022இல் ஒரு மாவட்டத்தின் பெயராகவும் மலர்ந்தது. கல்வெட்டோ தொகுதிகளின் பக்கங்களுக்குள் தங்கிவிட்டது. பாடலாசிரியர்க்கு முகம் உண்டு, தம்புரா உண்டு. நிலக்கொடை ஆவணத்திற்கு முகம் இல்லை. படமாக இயலாதது பொது நினைவில் இடம்பெறுவது அரிது. இதில் தெலுங்கு அறிஞரைக் குறைகூற ஏதுமில்லை. தம் செல்வத்தைப் போற்றியமை அவர்தம் சிறப்பே. தமிழ்க் கல்வெட்டுகளுக்கு அத்தகைய பொதுவாழ்வை அமைத்துத் தரும் முயற்சி தமிழ்நாட்டிலும் வலுப்பெறவில்லை என்பதே உண்மை.

கோபுர இலச்சினையின்கீழ் நான்கு ஆண்டுகள்

ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் ஆட்சிக் காலத்தில் சென்னை மாகாணத்திற்குக் கோபுர இலச்சினை உருவாயிற்று. 1949இல் வழக்கிற்கு வந்த அதனை வரைந்தவர் ஓவியர் ஆர். கிருஷ்ணராவ். அக்கோபுரம் திருவில்லிபுத்தூர்க் கோபுரம் என்பது பொதுவழக்கு. மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் மேலைக் கோபுரம் என்னும் கருத்தும் உண்டு. எந்தக் கோபுரம் என்பதைவிட எந்த நிலத்திற்கு என்பதே இவ்வாய்வுக்கு வேண்டுவது. அன்றைய சென்னை மாநிலத்தில் தமிழர், தெலுங்கர், மலையாளிகள், கன்னடியர், துளுவர் ஆகியோர் வாழ்ந்தனர். அவர்கள் அனைவர்க்கும் பொதுவான அடையாளமாகத் தென்பாண்டி நாட்டின் கோபுரம் ஒன்று முன்வைக்கப்பட்டது. சமயச் சார்பின்மை நோக்கில் எழுந்த மறுப்புகள் பின்னாளில் பேசப்பட்ட அளவு, இம்மொழிநிலை பேசப்படவில்லை. 1953 செப்டம்பர் 30 வரையில் சித்தூரும் திருப்பதியும் அக்கோபுரத்தின்கீழ் ஆளப்பட்ட ஊர்களே.

அக்கோபுரம் திருவில்லிபுத்தூரினதே எனக் கொள்ளின் நயமான தொடர்பு ஒன்று தோன்றுகின்றது. ஆண்டாள் சூடிக் களைந்த மாலை திருமலைப் பிரம்மோற்சவத்தின் கருடசேவைக்கு ஆண்டுதோறும் அனுப்பப்படுகின்றது. மார்கழியில் திருமலையில் சுப்ரபாதம் நின்று திருப்பாவை ஒலிக்கின்றது. இலச்சினைகள் பிரித்த இரு நிலங்களை வழிபாடு இன்றும் இணைத்து வைத்திருக்கின்றது.

பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பர் 15ஆம் நாள் உயிர் நீத்தபின் ஆந்திர மாநிலம் அறிவிக்கப்பட்டு, 1953 அக்டோபர் 1ஆம் நாள் தோன்றியது. சித்தூர் மாவட்டம் முழுமையாக அதனோடு சேர்க்கப்பட்டது. 1956 நவம்பர் 1ஆம் நாள் ஆந்திரப் பிரதேசம் உருவாயிற்று. இம்மாநிலத்தின் இலச்சினையில் இடம்பெற்றது பூரண கும்பம். அமராவதிப் பௌத்தத் தூபியின் சிற்பங்களிலிருந்து எடுக்கப்பட்ட வடிவம் அது. அமராவதியை 1797இல் காலின் மெக்கன்சி கண்டதும், 1845இல் வால்டர் எலியட் அகழ்ந்ததும், அச்சிற்பங்களுள் ஒரு பகுதி சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலும் ஒரு பகுதி இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் தங்கிவிட்டதும் அறிஞர் அறிந்தவை. மூலக்கற்களுள் பல தன் எல்லைக்கு வெளியே இருக்க, அவற்றின் வடிவத்தை ஒரு மாநிலம் தன் முத்திரையாக்கிக் கொண்டது. தெலங்கானா பிரிந்தபின் 2018 நவம்பரில் ஆந்திரப் பிரதேசம் ஏற்ற புதிய இலச்சினையும் அமராவதிக் கலைமரபையே தழுவியது. தருமச் சக்கரத்தின் நடுவே பூரண கும்பம் நின்றது. தெலங்கானாவோ 2014இல் காகதீயத் தோரணத்தையும் சார்மினாரையும் தேர்ந்தது. இம்மூன்றில் எதிலும் சித்தூர், திருப்பதி நிலத்தின் வடிவம் இல்லை. உலகெங்கும் இருந்து மக்கள் வந்து குவியும் திருமலை, தான் அடங்கிய மாநிலத்தின் முத்திரையில் இடம்பெறவில்லை. பௌத்தக் கும்பம் எச்சமயத்தார்க்கும் இடையூறு தராது என்பது ஒரு காரணமாகலாம். வேங்கடத்தை முத்திரையாக்கினால் அது யாருடையது என்னும் பழைய வழக்கு மீண்டும் எழும் என்பது மற்றொன்றாகலாம்.

வேங்கடம் இல்லாத வாழ்த்து

இவ்விடத்துச் சங்கரம்பாடி சுந்தராச்சாரியாரைக் குறிப்பிடுதல் தகும். 1914இல் திருப்பதியில் பிறந்து 1977இல் மறைந்த அவர், தெலுங்குத் தாய்க்கு மல்லிகை மாலை சூட்டும் வாழ்த்தை எழுதியவர். 1942ஆம் ஆண்டின் 'தீனபந்து' திரைப்படத்தோடு தொடர்புடைய அப்பாடல், தங்குடூரி சூரியகுமாரியின் குரலில் பரவிப் பின்னர் ஆந்திரப் பிரதேசத்தின் மாநிலப் பாடலாயிற்று. அவருடைய தாய்மொழி தமிழ் என்பது தெலுங்கர் தாமே விரும்பிச் சொல்லும் செய்தி. அப்பாடல் கோதாவரியையும் கிருட்டிணையையும் போற்றுகின்றது. அமராவதியின் சிற்பங்களையும், தியாகராசரின் குரலையும், திக்கனாவின் எழுத்தையும், உருத்திரம்மாவின் தோள்வலிமையையும், கிருட்டிணதேவராயரின் புகழையும் எண்ணிச் செல்கின்றது. திருப்பதியில் பிறந்த கவிஞரின் பாடலில் வேங்கடம் இல்லை. காவிரிக் கரையில் திருவையாற்றில் வாழ்ந்த தியாகராசர்க்கு இடமுண்டு.

தெலுங்குத் தாயின் உருவமும் இதனோடு ஒத்தது. ஒரு கையில் கதிர்க்கட்டும் மறு கையில் கும்பமும் ஏந்தி நிற்கும் அவ்வுருவம், 1975இல் ஐதராபாத்தில் நடைபெற்ற முதல் உலகத் தெலுங்கு மாநாட்டின் காலத்தில் பெரிதும் பரவியது. இலச்சினையின் கும்பமும் தாயின் கையிலுள்ள கும்பமும் ஒன்றையொன்று வலியுறுத்துகின்றன. தமிழ்த்தாய் உருவத்தின் வரலாற்றை ஆராய்ந்த சுமதி இராமசுவாமியின் நூலும் (1997), தெலுங்கு தாய்மொழியாக உணரப்பட்ட வரலாற்றை ஆராய்ந்த லிசா மிட்செலின் நூலும் (2009) மொழிப்பற்றுக்கு உருவம் தரும் முயற்சி 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொட்டே வளர்ந்ததென்பதை விளக்குகின்றன. எல்லைப்புற மக்கள் இவ்விரு தாயருள் ஒருவரைத் தேர்ந்தாக வேண்டிய நிலை 1953இல் ஏற்பட்டது. அதற்கு முன் வீட்டில் ஒரு மொழியும் கடைத்தெருவில் ஒரு மொழியும் பேசி வாழ்ந்தவர்களுக்கு இத்தேர்வு தேவைப்பட்டிருக்கவில்லை.

எல்லைப்படம்

தமிழ்த் தரப்பின் படிமம் நூலிலிருந்து எழுந்தது. தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் செய்த பாயிரம் வேங்கடத்தை வட எல்லையாகவும் குமரியைத் தென் எல்லையாகவும் வைக்கின்றது. சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் வேங்கடத்து நெடியோனின் நின்ற கோலம் சங்கும் ஆழியும் ஏந்திய நிலையில் வருணிக்கப்படுகின்றது. ம.பொ.சிவஞானம் 1946இல் தொடங்கிய தமிழரசுக் கழகம் வடக்கெல்லைப் போராட்டத்தை நடத்தியபோது, இந்நூற்சான்றுகள் நிலப்படத்தின் கோடுகளாயின. தமிழ்கூறும் நல்லுலகின் எல்லை என்னும் இலக்கிய வழக்கு, வட்டங்களையும் கிராமங்களையும் கோரும் அரசியல் வழக்காயிற்று.

எச்.வி. படாஸ்கர் வகுத்த நெறியோ வேறு. கிராமத்தை அலகாகக் கொண்டு, பெரும்பான்மை மொழியையும் நிலத்தொடர்ச்சியையும் நோக்கி எல்லை வரையப்பட்டது. 1959ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டம் 1960 ஏப்ரல் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. திருத்தணி சென்னை மாநிலத்திற்கு வந்தது. சத்தியவேடு முதலிய பகுதிகள் ஆந்திரப் பிரதேசத்திற்குச் சென்றன. திருப்பதியும் சித்தூரும் அங்கேயே நின்றன. வேங்கடத்தைக் கேட்டவர்க்குத் தணிகை கிடைத்தது என்னும் மனக்குறை இன்றளவும் மேடைகளில் ஒலிக்கின்றது. கோடு எங்கு வரையப்பட்டிருப்பினும் அதன் இருபுறமும் மொழிச் சிறுபான்மையர் எஞ்சியிருப்பர் என்பது அம்மேடைகளில் ஒலிப்பது அரிது. நகரி, சத்தியவேடு, குப்பம் பகுதிகளில் தமிழ் பேசுவோரும், திருத்தணி, பள்ளிப்பட்டுப் பகுதிகளில் தெலுங்கு பேசுவோரும் அவ்வாறு எஞ்சியவர்களே.

இணையதள முகப்பு

1976இல் தோன்றிய தேசியத் தகவலியல் மையம் மாவட்ட நிருவாகங்களுக்கு இணையதளம் அமைத்துத் தரும் பொறுப்பை ஏற்றது. 2009இல் வெளியான இந்திய அரசு இணையதளங்களுக்கான நெறிமுறைகள், முகப்பில் தேசிய இலச்சினையோ மாநில இலச்சினையோ இடம்பெறுவதை வரையறுத்தன. சாரநாத்துச் சிங்கத் தூணைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்கும் சட்டம் 2005இலேயே வந்துவிட்டது. பின்னர் எஸ்3வாஸ் என்னும் பொதுச் சட்டகம் உருவாகி, நாடெங்கும் மாவட்டத் தளங்கள் ஒரே வார்ப்பில் அமைந்தன. மேலே இலச்சினை, அருகே மாவட்டப் பெயர், கீழே ஓடும் படவரிசை, ஆட்சியாளர் உருவப்படங்கள், நிலப்படம், சுற்றுலாத் தலங்கள், படத்தொகுப்பு. காசி மாவட்டத்திற்கும் காஞ்சி மாவட்டத்திற்கும் வார்ப்பு ஒன்றே. படங்கள் மட்டுமே வேறு. ஒரு மாவட்டம் தனக்கெனத் தனித்தன்மை காட்டக் கிடைக்கும் இடம் படவரிசை ஒன்றே என்னும் நிலையில், அப்படங்களின் தேர்வு நிருவாக வேலையாகத் தோன்றினும் வரலாற்றெழுத்தாகவே முடிகின்றது.

அவ்வெழுத்தில் காலம் இல்லை. 1516இல் கிருட்டிணதேவராயர் எழுப்பிய திருக்காளத்திக் கோபுரம் 2010ஆம் ஆண்டு மே 26ஆம் நாள் இடிந்து வீழ்ந்தது. அதே இடத்தில் புதிய கோபுரம் எழுந்து 2017இல் குடமுழுக்குக் கண்டது. இன்று அங்கு எடுக்கப்படும் படத்தில் உள்ளது 21ஆம் நூற்றாண்டுக் கட்டடம். படத்தின்கீழ் எழுதப்படும் பெயரோ விசயநகர மன்னருடையது. குடிமல்லத்து இலிங்கம் கிறித்துவுக்கு முற்பட்டதென அறிஞர் பலர் கருதும் பழமையுடையது. அதுவும், சந்திரகிரி அரசமாளிகையும், ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளமும் ஒரே அளவுச் சட்டத்திற்குள் அடுத்தடுத்து வரும்போது, இடையிலுள்ள ஈராயிரம் ஆண்டுகளும் அவ்வாண்டுகளின் மாறிய மொழிகளும் ஆட்சிகளும் மறைகின்றன. எஞ்சுவது நாம் என்னும் உணர்வு ஒன்றே.

அந்த நாம் யார் என்பதைப் பெயர்களும் முடிவு செய்கின்றன. 2022 சனவரியில் வெளியான வரைவு அறிவிப்பில் புதிய மாவட்டத்திற்கு ஸ்ரீ பாலாஜி என்னும் பெயரே முன்மொழியப்பட்டது. பாலாஜி வடநாட்டு அடியார் வழக்கில் பெருகிய பெயர். ஆழ்வார் பாசுரங்களின் திருவேங்கடத்தானும் அன்னமய்யாவின் வேங்கடேசுவரனும் அப்பெயரால் அழைக்கப்பட்டவர் அல்லர். இறுதி அறிவிப்பில் திருப்பதி என்னும் ஊர்ப்பெயரே நிலைத்தது. திரு என்னும் அடையோடு அமைந்த அச்சொல் தமிழ் வழக்கினது என்பதை எடுத்துச்சொல்வார் எவருமின்றி அது தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் முகப்பில் எழுதப்பட்டது.

ஆந்திரப் பிரதேச மாவட்டத் தளங்கள் தெலுங்கு, ஆங்கிலம் ஆகிய இரு மொழிகளில் அமைகின்றன. திருத்தணியை உட்கொண்ட திருவள்ளூர் மாவட்டத் தளம் தமிழ், ஆங்கிலம் ஆகிய இரு மொழிகளில் அமைகின்றது. சத்தியவேட்டுத் தமிழர்க்கு அங்கு எழுத்து இல்லை; பள்ளிப்பட்டுத் தெலுங்கர்க்கு இங்கு எழுத்து இல்லை. இருவர்க்கும் கிடைப்பது கோயிற்படங்களே. அப்படங்களில் உள்ள கோயிலுக்கு இருவரும் செல்கின்றனர். ஆயின் அப்படத்தின்கீழ் உள்ள வரியைத் தத்தம் மொழியில் படிக்க இயலாதவராகவே நிற்கின்றனர். திருமலைத் தேவஸ்தானமோ தன் 'சப்தகிரி' இதழைத் தெலுங்கு, தமிழ், கன்னடம், இந்தி, ஆங்கிலம், வடமொழி ஆகியவற்றில் வெளியிட்டு வந்துள்ளது. வருகின்ற அடியாரின் மொழியை அந்நிறுவனம் எண்ணிப் பார்க்கின்றது. குடியிருப்போரின் மொழியை மாவட்ட நிருவாகம் எண்ணும் முறை வேறாக உள்ளது. திருமலை மதிலில் உள்ள தமிழ்க் கல்வெட்டு ஒன்றின் மசிப்படியும், தாள்ளப்பாக்கத்துச் செப்பேடு ஒன்றின் படமும், மூவகை எழுத்தில் விளக்கக் குறிப்போடு திருப்பதி, சித்தூர், திருவள்ளூர் ஆகிய மூன்று மாவட்டத் தளங்களிலும் இடம்பெறுவதற்குத் தொழில்நுட்பத் தடை ஏதுமில்லை. அம்மசிப்படிகளைப் படித்துப் பொருள் எழுதித் தரவல்லோர் இரு மாநிலத்துப் பல்கலைக்கழகங்களின் தமிழ், தெலுங்குத் துறைகளில் உள்ளனர். திருப்பதியிலேயே 1954இல் நிறுவப்பட்ட வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் மலையடிவாரத்தில் இருக்கின்றது.